சி.எஸ்.ஐ.யிலிருந்து ஆர்.சி.க்கு: காகிதம், வகுப்பு, அப்புறம் அந்தக் கேள்வி

நான் பிறந்து வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்ற புராட்டஸ்டண்ட் சபையில். வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடிப் பக்கம் ஓர் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) வீட்டில். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்துத்தான் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் பதினான்கு மாதம் இழுத்தது. பாதித் தாமதம் காகிதத்தால். மீதிப் பாதி, "விசுவாசித்தால் போதுமா, நற்கிரியை செய்தால்தான் இரட்சிப்பா" என்ற கேள்வியில் நான் மாட்டிக்கொண்டு நின்றதால்.

காகிதத்துக்கு அலைய வேண்டியதை யாராவது சொல்லிவிடுவார்கள். அந்தக் கேள்விக்குத் தயாராகப் போக வேண்டும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். லுத்தரன், மெதடிஸ்ட் சபைகளிலிருந்து வருபவர்களுக்கும் ஏறக்குறைய இதே பாதைதான். இதுவரை எந்தச் சபையிலும் ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குப் பாதை வேறு. அவர்களுக்குத் தனித் தயாரிப்பு உண்டு, வழக்கமாகப் பாஸ்கா திருவிழிப்பு இரவில் (ஈஸ்டருக்கு முந்தைய இரவு) திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம்.

1. மாறித்தான் ஆக வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்

கல்யாணத்துக்காக நீங்கள் மாற வேண்டிய கட்டாயம் இல்லை. இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்றால், ஆயரின் (பிஷப்) அனுமதியோடு கத்தோலிக்கக் கோவிலில் கல்யாணம் செய்யலாம். பங்குத்தந்தைதான் (ஊர்க் கத்தோலிக்கக் கோவிலின் குரு) அந்த அனுமதிக்கு எழுதிக் கேட்பார். தன் நம்பிக்கையைக் காத்துக்கொள்வேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். உங்களிடம் அந்த வாக்கைப் பற்றித் தெரிவிப்பார்கள், அவ்வளவுதான்.

"மாறினால்தான் கோவிலில் தாலி" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் சண்டை போடாதீர்கள். நேராகப் பங்குத்தந்தையிடம் போய்க் கேளுங்கள்.

இங்கே இரண்டு குழிகள். ஆயரின் அனுமதி வாங்காமல் சி.எஸ்.ஐ. கோவிலிலேயே கல்யாணத்தை முடித்திருந்தால், ஆர்.சி. கணக்கில் அந்தக் கல்யாணத்தை முதலில் சரிசெய்தாக வேண்டும். அடுத்தது, உங்களுக்கோ துணைக்கோ முன்பு ஒரு கல்யாணம் ஆகி விவாகரத்து நடந்திருந்தால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கோர்ட் தீர்ப்பு மட்டும் போதாது. மறைமாவட்டத்தின் (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி) திருமண நீதிமன்றம் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். கடைசி மாதத்தில் இது வெளியே வந்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடும்.

2. ஞானஸ்நானச் சான்றிதழ்

எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒரு காகிதம்தான். உங்களுக்கு எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் நடந்ததோ அந்தச் சேகரத்தில்தான் (சில கோவில்கள் சேர்ந்த சி.எஸ்.ஐ. நிர்வாகப் பகுதி) பதிவேடு இருக்கும். இப்போது போகும் சபையில் இருக்காது. எனக்கு ஞானஸ்நானம் ஆச்சி ஊரில். ஆச்சி ஊர்க் கோவில் இடையில் வேறு சேகரத்தோடு சேர்ந்துவிட்டது. பதிவேடு எந்த அலமாரியில் என்று கண்டுபிடிக்கவே மூன்று சனிக்கிழமை போனது.

போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, அப்பா அம்மாவின் முழுப் பெயர், ஞானஸ்நானம் நடந்த வருடம் (குத்துமதிப்பாகவாவது), சபைக்குக் கட்டிய சந்தா ரசீது. கடைசியாகச் சொன்னதை லேசாக நினைக்காதீர்கள். ஒரு சபை அலுவலகத்தில், எட்டு வருடச் சந்தா பாக்கியைக் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். கட்டினேன். அது சரியா தவறா என்று வாதாட எனக்குத் தெம்பு இல்லை. உங்களுக்கு இருந்தால் வாதாடுங்கள்.

வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். என் பதிவில் பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக இருந்தது, ஆதாரில் வேறு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஐயரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கினேன். (வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு: எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஆர்.சி. பங்குத்தந்தையிடம் "ஐயர் சொன்னார்" என்று பேச்செடுத்தபோது அவர் ஒரு நொடி விழித்தார்.)

சான்றிதழை எப்போது வாங்குவது? நான் முதல் வேலையாக வாங்கிவிட்டேன். வகுப்பு தள்ளிப் போனது. கடைசியில் ஆறு மாதத்துக்குள் எடுத்த நகல் வேண்டும் என்றார்கள், மறுபடி அதே அலமாரி. கல்யாணக் காகிதங்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படிக் கேட்பார்கள், ஆனாலும் உங்கள் பங்கில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவேடே தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். ஞானஸ்நானத்தை நேரில் பார்த்த நம்பகமான ஒருவரின் சாட்சி போதும் என்று திருச்சபைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

இன்னொன்று. உங்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் நடந்தது என்றால் அது செல்லும். "இயேசுவின் நாமத்தில்" மட்டும் கொடுக்கும் சபைகளிலிருந்து வந்தால்தான் கேள்வி எழும். சி.எஸ்.ஐ.யில் பெற்ற திடப்படுத்தலை (வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு இணையான உறுதிப்பூசுதலை இங்கே பெற்றாக வேண்டும்.

3. இரண்டு பைபிளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

வகுப்பில் நான் திணறியதற்கு முதல் காரணம் இறையியல் இல்லை, சொல். நம் பழைய மொழிபெயர்ப்பு ஒரு தமிழ் பேசுகிறது, 1995இல் வந்த, கத்தோலிக்கர்கள் படிக்கும் திருவிவிலியம் வேறு தமிழ் பேசுகிறது. நமக்கு விசுவாசம், அவர்களுக்கு நம்பிக்கை. கிருபை அங்கே அருள். இரட்சிப்பு மீட்பாகிறது, கிரியை செயலாகிறது. ரோமர் உரோமையர் ஆகிவிடுகிறார். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பழகாத ஒன்று உண்டு: நாம் "நீதிமானாக்கப்படுதல்" என்று சொல்வதை அவர்கள் "ஏற்புடையவராக்கப்படுதல்" என்பார்கள். இந்த ஒரு சொல்லை நோட்டில் பெரிதாக எழுதி வையுங்கள். சண்டை முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. அடுத்த படியில் வருகிறேன்.

புத்தக எண்ணிக்கையும் ஒத்துப்போகாது. நம்மிடம் 66, அவர்களிடம் 73. முதல் மாதம் ஒருவர், தர்மம் செய்வது சாவிலிருந்து காப்பாற்றும், பாவத்தைப் போக்கும் என்று தோபித்து 12:9ஐச் சொன்னார். நான் என் பைபிளில் பத்து நிமிடம் தோபித்துவைத் தேடினேன். இல்லாத புத்தகத்தை எங்கே தேடுவது? திருவிவிலியம் ஒன்று வாங்கிவிடுங்கள். பழையதைத் தூக்கிப் பரணில் போடவும் வேண்டாம், இரண்டும் வேண்டும்.

4. அந்தக் கேள்வி

எங்கள் ஆச்சி சொல்வார்கள்: "நமக்கு விசுவாசிச்சாப் போதும்டி. அவங்கதான் மெழுகுவத்தி கொளுத்திக் கொளுத்தி மோட்சத்துக்கு ஏணி கட்டுறாங்க." என் மாமியார் வீட்டில் அதற்குப் பதில் தயாராக இருந்தது: "உங்க ஆளுங்க ஒரு தடவை கையைத் தூக்கிட்டா அப்புறம் என்ன வேணாலும் பண்ணலாமாமே?" இரண்டு பேச்சையும் வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போங்கள். இரண்டுமே எந்தச் சபையின் போதனையும் கிடையாது.

எனக்கு உதவிய வரிசையில் சொல்கிறேன். முதலில் ஆபிரகாம். பவுல் ரோமர் 4இல் அவரைக் காட்டித்தான் விசுவாசத்தால் நீதிமான் ஆனார் என்கிறார். யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் அதே ஆபிரகாமைக் காட்டித்தான் "விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்" என்கிறார். இருவரும் ஆதியாகமம் 15:6ஐ மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் நிற்கும் இடம் வேறு. பவுல் 15ஆம் அதிகாரத்தில் நிற்கிறார்: ஈசாக்கு பிறக்கவில்லை, விருத்தசேதனம் 17இல்தான் வருகிறது, ஆபிரகாமிடம் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை, வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து நம்புகிறார். யாக்கோபு 22ஆம் அதிகாரத்துக்குப் போய்விடுகிறார்: பிள்ளை பலிபீடத்தின் மேல். ஒருவர் உள்ளே நுழைந்த கதவைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் நுழைந்த பிறகு நடந்த வாழ்க்கையைப் பற்றி.

ஒரே சொல்லை இருவரும் ஒரே பொருளில் பயன்படுத்துகிறார்களா என்றும் பாருங்கள். யாக்கோபு திட்டுவது, பிசாசுகளுக்கும் இருக்கிற விசுவாசத்தை (2:19). கடவுள் ஒருவர் உண்டு என்று தலையாட்டுவது அது. பவுல் தள்ளுவது நியாயப்பிரமாணத்தின், அதாவது மோசேயின் சட்டத்தின், கிரியைகளை. பசித்தவனுக்குச் சோறு போடுவதை அவர் எங்கே தள்ளினார்? கலாத்தியர் 5:6இல் "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்" என்று எழுதியவரும் அவர்தானே. எபேசியர் 2:8, 9 நம் வீடுகளில் சுவரில் தொங்கும். 10ஆம் வசனத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. நற்கிரியை செய்யவே படைக்கப்பட்டோம் என்று அதில்தான் இருக்கிறது.

இப்போது அந்தப் பெரிய சொல். நம் பக்கத்தில் நீதிமானாக்கப்படுதல் என்றால் கடவுள் நம்மை நீதிமான் என்று ஏற்றுக்கொள்வது, அந்தத் தீர்ப்பு. அதன்பின் ஆள் மெல்ல மெல்ல மாறுவதற்கு நாம் வேறு பெயர் வைத்திருக்கிறோம், பரிசுத்தமாக்கப்படுதல். நற்கிரியைகளை அந்தக் கணக்கில், கனியாக வைக்கிறோம். கத்தோலிக்கர்கள் ஏற்றுக்கொள்வதையும் உள்ளே புதுப்பிப்பதையும் ஒரே சொல்லுக்குள் அடக்குகிறார்கள். அதனால் அவர்கள் "செயல்களால் அதில் வளர்கிறோம்" என்றால் நம் காதில் "செயல்களால் இரட்சிப்பை வாங்குகிறோம்" என்று விழுகிறது. எனக்கு நாலு மாதம் அப்படித்தான் விழுந்தது.

வகுப்பு எடுத்த சிஸ்டரிடம் நேராகக் கேட்டேன்: "அப்போ நல்லது செய்யாதவங்க நிலைமை?" அவர் என் ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்தார். "இது நடந்தப்போ உனக்கு எத்தனை மாசம்?" மூன்று மாதம் என்றேன். "அன்னைக்கு நீ என்ன செஞ்சே?" அழுதிருப்பேன் என்றேன். "அழுததுக்கா கொடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டுத் தேதிப் பத்தியில் விரலை வைத்துக் காட்டினார். அதற்கு மேல் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை.

கத்தோலிக்கப் போதனையின் எழுத்திலும் அதுதான் இருக்கிறது. முதல் அருளை யாரும் சம்பாதிக்க முடியாது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1547இலேயே, விசுவாசமோ செயலோ, அதற்கு முந்தைய எதுவும் அந்த அருளுக்கு விலை ஆகாது என்று தீர்மானமாக எழுதிவிட்டது. பிறகு ஏன் பேறுபலன் (நற்செயலால் கிடைக்கும் தகுதி) என்று பேசுகிறார்கள்? அருளைப் பெற்றவர் அந்த அருளின் பலத்தால் செய்வதைக் கடவுள் மதிக்கிறார் என்பதால். நம் பேறுகளுக்குக் கடவுள் முடிசூட்டும்போது தம் கொடைகளுக்கே முடிசூட்டுகிறார் என்பது பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீனார் சொன்ன விளக்கம். இந்தச் சொல்லில் எனக்கு இன்னும் முழு நிம்மதி இல்லை. சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள், யாரும் என்னை வெளியே அனுப்பவில்லை.

படிக்க இரண்டே இரண்டு. கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் 1987 முதல் 2029 வரையுள்ள எண்கள். ஒரு வாரம் போதும். அடுத்தது, ஏற்புடையவராதல் பற்றிய கூட்டு அறிக்கை. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகச் சம்மேளனமும் சேர்ந்து கையெழுத்திட்டது. மொத்தம் 44 பத்திதான். 15ஆம் பத்தியை மட்டுமாவது படியுங்கள்: நம் தகுதியால் அல்லாமல் அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், தூய ஆவி நம்மைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்று இரு தரப்பும் ஒன்றாகச் சொல்கிறார்கள். மெதடிஸ்டுகள் 2006இல் இதில் சேர்ந்தார்கள், ஆங்கிலிக்கன்கள் 2016இல் இதன் சாரத்தை ஏற்று வரவேற்றார்கள், சீர்திருத்த சபைகள் 2017இல் இணைந்தன. சி.எஸ்.ஐ. உருவானது இந்த மூன்று ஓடைகளும் கலந்துதானே. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டது என்று அறிக்கை சொல்லவில்லை, நீங்களும் அப்படி வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள்.

ஆச்சியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. விசுவாசம் மட்டும் போதும் என்ற அதே ஆச்சி, உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். கைப்பிடி அரிசிக் காணிக்கை. வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் அது தப்பாது. இந்தப் பக்கம் என் மாமியார், நவநாள் (ஒன்பது நாள் செபம்) ஒன்று விடாதவர், ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முந்தைய இரவு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தனை பூசை பாத்து என்னம்மா, அவர் இரக்கம் இருந்தாத்தான் உண்டு" என்றார். "சரி அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

5. வகுப்பு: எவ்வளவு காலம்?

இதற்கு ஒரே அளவு கிடையாது. ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்று, பைபிள் தெரிந்து, சபைக்கு ஒழுங்காகப் போனவர் என்றால் சில மாதம் போதும். பாஸ்கா வரை காத்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கட்டாயம் ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கான முறையிலிருந்து வந்த குழப்பம். நான் இந்தப் பேச்சை நம்பி இரண்டு மாதம் சும்மா இருந்தேன்.

தவக்காலத்தில் போய் வகுப்பு ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள், பங்குத்தந்தைக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. டிசம்பரும் அப்படித்தான். பங்குத் திருவிழா கொடியேறும் பத்து நாளும் யாரும் சிக்க மாட்டார்கள். ஜூன், ஜூலை நல்ல மாதங்கள். ஆண்டுக்கு ஒருமுறை குருக்கள் மாற்றல் வரும், அதற்கு முன்னால் முடிக்கப் பாருங்கள். மாற்றலாகி வரும் புதியவர் உங்களை முதலிலிருந்து கேள்வி கேட்பார், கேட்க அவருக்கு உரிமையும் உண்டு.

ஞானப்பெற்றோர் (சேரும்போது உங்களுக்குத் துணை நிற்பவர்) ஒருவரை இப்போதே முடிவு செய்யுங்கள். உறுதிப்பூசுதல் பெற்ற, கோவிலுக்கு ஒழுங்காக வருகிற கத்தோலிக்கராக இருக்க வேண்டும்.

6. பாவசங்கீர்த்தனம்

குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவது; சேரும் நாளுக்கு முன்பு இது உண்டு. நமக்குப் பழக்கம் இல்லாததால் வயிற்றைக் கலக்கும். ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள், முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.

எனக்கு இருந்த பயம் வேறு: பரிகாரம் என்று கொடுப்பதைச் செய்தால்தான் மன்னிப்பு, அப்படியென்றால் இது கிரியையால் வாங்குவது இல்லாமல் வேறு என்ன? வரிசையைக் கவனித்தபோதுதான் புரிந்தது. குரு பரிகாரத்தைச் சொல்கிறார், நாம் மனத்துயர் செபம் சொல்கிறோம், அங்கேயே பாவமன்னிப்பு அளித்துவிடுகிறார். பரிகாரத்தை வெளியே வந்த பிறகுதான் செய்கிறோம். எனக்கு முதலில் மூன்று 'அருள் நிறைந்த மரியே' கொடுத்தார். "மனப்பாடம் இல்லை ஃபாதர்" என்றேன். சிரித்துவிட்டு 51ஆம் சங்கீதத்தைச் சொல்லச் சொன்னார். இரண்டு பைபிளிலும் எண் மாறாத சங்கீதம்.

7. செலவு

திருவருட்சாதனங்களுக்கு விலை கிடையாது. ஆயர்கள் நிர்ணயித்த காணிக்கைக்கு மேல் கேட்கக் கூடாது, இல்லாதவருக்குக் காசு இல்லை என்பதால் மறுக்கவும் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. பூசைக் கருத்துக்கு (நம் வேண்டுதலுக்காகப் பூசை வைக்க) கொடுப்பதும் காணிக்கைதான். அதில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆளை வைத்துத் தொகை பேசுகிற இடைத்தரகர் எவரையும் நம்பாதீர்கள்.

உண்மையில் எனக்குச் செலவானது பஸ்ஸுக்கு, சந்தா பாக்கிக்கு, திருவிவிலியத்துக்கு, மெழுகுவர்த்திக்கு, போட்டோவுக்கு. பெரிய செலவு பிரியாணி. அதை யாரும் கேட்கவில்லை, நாங்களாகப் போட்டோம். சேர்ந்தபின் பங்கு வரி உண்டு; ஊருக்கு ஊர் மாறும், கோவில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியாரிடம் கேளுங்கள்.

8. அந்த நாள்

ஞாயிறு பூசையில், மறையுரை முடிந்ததும் கூப்பிடுவார்கள். விசுவாசப் பிரமாணம் சொல்ல வேண்டும். நைசேயா விசுவாசப் பிரமாணம் நமக்கும் உள்ளதுதான், ஆனால் அவர்கள் தமிழில் சொற்கள் வேறு. முந்தைய நாள் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அதன்பின், கத்தோலிக்கத் திருச்சபை கடவுள் வெளிப்படுத்தியதாக நம்பிக் கற்பிக்கும் அனைத்தையும் நம்புகிறேன் என்று ஒரு வாக்கியம். என் நாலு மாதம் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் போனது. உடனே உறுதிப்பூசுதல், அதற்கு ஆயர் வர வேண்டும் என்று இல்லை, உங்களைச் சேர்க்கும் குருவே கொடுக்கலாம். பிறகு நற்கருணை.

பூசை முடிந்ததும் எல்லோரும் கை கொடுக்க வருவார்கள், போட்டோவுக்கு இழுப்பார்கள். நீங்கள் முதலில் அலுவலகத்துக்குப் போங்கள். பதிவேட்டில் எழுதும்போது பக்கத்தில் நின்று பெயர், இனிஷியல், ஞானஸ்நானம் நடந்த கோவில், தேதி நாலையும் சரிபாருங்கள். நான் பிரியாணிப் பந்தியைப் பார்க்கப் போய்விட்டேன். என் அப்பாவின் இனிஷியலுக்குப் பதில் மாமனாரின் இனிஷியல் ஏறிவிட்டது. திருத்த மறைமாவட்ட அலுவலகம் வரை போய் வந்தேன், இரண்டு மாதம்.